08 என்று எழுதினால் செமிகோலன் கேட்கிறது: லெக்ஸரில் எங்கே திருத்துவது?

கேள்வி:
வணக்கம். ஒரு சிறிய மொழிக்குக் கம்பைலர் எழுதி வருகிறேன். லெக்ஸர் (நிரலின் எழுத்துகளைச் சொல், எண், குறி என்று துண்டுகளாகப் பிரிக்கும் பகுதி) கையால் எழுதியது. சி மொழியைப் போல 0-வில் தொடங்கும் எண்ணை ஆக்டலாக (எட்டின் அடிமான எண்ணாக) எடுத்துக்கொள்ளும். ஜூனியர் மாணவர் ஒருவர் அதில் 'மாதம் = 08;' என்று எழுதியிருக்கிறார். 'வரி 3: செமிகோலன் தேவை' என்று பிழை வந்தது. செமிகோலன் கண்ணெதிரே இருக்கிறது, பாவம், அவர் அந்த வரியை அழித்து அழித்து எழுதிப் பார்த்தார். ஆக்டல் என்றால் 0 முதல் 7 வரைதான் படிக்கிறேன், 8 வந்ததும் டோக்கன் (லெக்ஸர் பிரித்துத் தரும் ஒரு துண்டு) முடிந்துவிடுகிறது. 8-ஐப் பார்த்தவுடன் பிழை என்று சொல்லிவிட்டால் போதுமா?

பதில் 1:
இப்போது 0 ஒரு டோக்கன், 8 இன்னொரு டோக்கன். இரண்டு எண்கள் ஒட்டி வந்தால் பார்ஸர் (டோக்கன்களின் வரிசை இலக்கணப்படி இருக்கிறதா என்று பார்க்கும் பகுதி) செமிகோலனைத்தான் கேட்கும். அதனால் ஆக்டலாக இருந்தாலும் 0 முதல் 9 வரை எல்லா இலக்கங்களையும் ஒரே டோக்கனாகப் படித்துவிடுங்கள். செல்லாத முதல் இலக்கம் எங்கே வந்தது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கோ மொழியின் ஸ்கேனர் (லெக்ஸருக்கு இன்னொரு பெயர்) இப்படித்தான் செய்கிறது.

பதில் 2:
பார்த்தவுடன் பிழை சொல்லக் கூடாது. 08.5 என்று வந்தால்? சி, கோ இரண்டிலும் அது செல்லுபடியாகும் தசம எண். முன்னால் 0 இருந்தாலும் புள்ளி வந்துவிட்டால் அது ஆக்டல் இல்லை. கோவின் மொழி வரையறையிலேயே 072.40 என்பது 72.40-க்குச் சமம் என்று உதாரணம் கொடுத்திருக்கிறார்கள். எண் முழுதும் முடிந்து, அது முழு எண்தான் என்று தெரிந்த பிறகு பிழையைச் சொல்லுங்கள்.

பதில் 3:
இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். ஜாவா கம்பைலரின் பழைய பதிப்புகளில் 08 என்று எழுதினால் 'முழு எண் மிகப் பெரிது' என்று வரும். எட்டின் அடிமானத்தில் மாற்றும்போது 8-ஆல் மாற்றம் தோற்கும். தோற்றால் எண் பெரிதாகத்தான் இருக்கும் என்று அந்த இடத்தில் முடிவு கட்டியிருந்தார்கள். செல்லாத இலக்கம் வேறு, அளவு மீறுவது வேறு. இரண்டுக்கும் தனித்தனிச் செய்தி வையுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி! இப்போது வருவது: 'வரி 3, இடம் 9: ஆக்டல் எண்ணில் 8 வரக்கூடாது. பதின்ம எண் வேண்டுமென்றால் முன்னால் உள்ள 0-ஐ நீக்கவும்.' ஆனால் அதன் பிறகும் பார்ஸர் இன்னொரு பிழை சேர்த்துச் சொல்கிறது.

பதில் 1:
பிழை சொன்ன பிறகும் எண் டோக்கனைத்தான் திருப்பி அனுப்ப வேண்டும். மதிப்பு 0 என்று வைத்து 'பிழையானது' என்று ஒரு குறி போடுங்கள். பார்ஸர் அமைதியாகக் கடந்துவிடும். பின்னால் வரும் கட்டங்கள் அந்தக் குறியைப் பார்த்து, அந்த மதிப்பைப் பற்றி மேலும் புகார் சொல்லாமல் விட வேண்டும்.

பதில் 4:
08-ஆவது பிழை என்று நின்றுவிடுகிறது. எனக்குப் பெரிய கவலை 010. சத்தமில்லாமல் 8 ஆகிவிடும், யாருக்கும் தெரியாது. பைத்தான் 3-இல் 08, 010 இரண்டுமே பிழை. மாணவர்களுக்கான மொழி என்றால் அந்த வழிக்கே போய்விடுங்கள். ஆக்டல் கட்டாயம் வேண்டும் என்றால் அதற்குத் தனி முன்னொட்டு வைக்கலாம்.

கேட்டவர்:
சரி, 010-ஐயும் பிழையாக்கிவிட்டேன். 0, 00, 08.5 மூன்றும் ஒழுங்காகப் போகின்றன. 'பிழையானது' குறி போட்ட பிறகு 08-க்கு ஒரே ஒரு செய்திதான் வருகிறது.