வெளிநாட்டு வயலில் பார்த்தது, இன்னும் மனதை விட்டுப் போகாதது: எழுதுங்கள்

காடாம்புலியூர் முந்திரி

2023 மார்ச்சில் வியட்நாம் சுற்றுலா. கூட வந்தவர்கள் ஹோ சி மின் நகரில் கடைத்தெருவுக்குக் கிளம்ப, நான் மட்டும் வண்டி பிடித்து, முந்திரி விளைகிற பின் ஃபூக் பக்கம் போனேன். எதற்கென்று பண்ருட்டிப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதே செம்மண். பழம் உதிர்ந்து புளிக்கிற அதே வாடை. ஒரு தோப்பில் பெரியவர் ஒருவர் குந்தியிருந்து பழத்தைத் திருகிக் கொட்டையை வாளியில் போட்டுக்கொண்டிருந்தார். நானும் பக்கத்தில் குந்தி நாலைந்து திருகினேன். என் கையைப் பார்த்தார், சிரித்தார். திருகுகிற விதத்திலேயே ஆளைத் தெரிந்துவிடும் அல்லவா? டிரைவர் போனில் மொழிபெயர்ப்பைப் போட்டு நடுவில் நீட்டினான். பெரியவர் கேட்ட முதல் கேள்வி: "உங்கள் ஊரில் எக்டேருக்கு எத்தனை கிலோ?"

எனக்கு ஏக்கருக்கு மூன்று மூட்டை. மூட்டை 80 கிலோ என்றால் எக்டேருக்கு 600 வரும். மனசு கணக்குப் போட்டுவிட்டது. வாய் 1,500 என்றது.

ஏன் சொன்னேன் என்று இன்று வரை தெரியவில்லை. அவர் எழுந்து குடிசைக்குப் போய் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்து வந்தார். "என்ன ரகம்?" தானே புயலில் தோப்பு மொத்தமும் சாய்ந்த பிறகு நான் வைத்த ஒட்டுக்கன்று வி.ஆர்.ஐ. 3. அதைச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தாக என்னையே சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டார். எழுதியதைத் திருப்பிக் காட்டி, சரியா என்று தலையாட்டிக் கேட்டார். சரி என்றேன்.

அந்த நோட்டு இன்னும் அங்கே இருக்கும்.

பாகூர் ஏரிக்கரை

உங்களுடையது பரவாயில்லை, பேசவாவது செய்தீர்கள். நான் காரை விட்டே இறங்கவில்லை.

பெண்ணும் மாப்பிள்ளையும் பிரான்சில், துலூஸ் பக்கம் இருக்கிறார்கள் (புதுச்சேரிக்காரர்களுக்கு இது புதுசு இல்லை). 2024 ஜனவரியில் போயிருந்தேன். குளிர், கோதுமை விரல் உயரம். கண்ணுக்கு எட்டிய வரை ஒரு ஆள் இல்லை. நம் பக்கத்தில் களை எடுக்கும் நாளில் வயலில் நடக்கிற பேச்சும் சண்டையும் நினைவுக்கு வந்து, பெரிய துக்க வீட்டைக் கடந்து போகிற மாதிரி இருந்தது.

ஓர் ஊர் எல்லையில் பெயர்ப்பலகை தலைகீழாக இருந்தது. எவனோ குடித்துவிட்டு மாட்டியிருக்கிறான் என்றேன். அடுத்த ஊரிலும் தலைகீழ். அதற்கடுத்த ஊரிலும். மாப்பிள்ளைதான் சொன்னார்: விவசாயிகள் ராத்திரியில் வந்து திருகாணியைக் கழற்றி, பலகையைக் கவிழ்த்து, மறுபடி முடுக்கிவிட்டுப் போகிறார்களாம். உடைப்பதில்லை, எடுத்துப் போவதில்லை. 2023 கடைசியில் பக்கத்து தார்ன் மாவட்டத்தில் ஆரம்பித்ததாம். டீசல் வரிச் சலுகையைக் குறைப்பது, விளைச்சலுக்கு விலை இல்லாதது, ஓயாத விதிமுறைகள் என்று குறைகள். எல்லாமே தலைகீழாக நடக்கிறது என்று அர்த்தம்.

கொஞ்ச தூரத்தில் நெடுஞ்சாலை ஓரம் டிராக்டர்கள், வைக்கோல் கட்டு அடுக்கி, நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தர் என் வயசு. கார் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "இறங்கட்டுமா?" என்றேன். "நேரமாச்சு மாமா" என்றார் மாப்பிள்ளை. நானும் கை தூக்குவதற்குள் வண்டி போய்விட்டது.

விருத்தாசலம் மேற்கு

பாகூர்க்காரரே, அவர்களுக்கு ஐரோப்பிய மானியம் வருகிறது. நமக்கும் அவர்களுக்கும் ஒப்பிடவே கூடாது.

மலேசியாவில் செம்பனை (பாமாயில் எடுக்கிற மரம்) தோட்டம் பார்த்திருக்கிறேன், நம் ஜனங்கள்தான் குலை வெட்டினார்கள், அவ்வளவுதான்.

காடாம்புலியூர் தம்பிக்கு ஒன்று சொல்ல வேண்டும். வியட்நாம் விற்கிற பருப்பைப் பார்த்து மயங்காதீர்கள். அவர்கள் உடைக்கிற கொட்டையில் பெரும்பங்கு கம்போடியாவிலும் ஆப்பிரிக்காவிலும் இருந்து வருவது. பண்ருட்டி ஆலைகளுக்கும் ஆப்பிரிக்கக் கொட்டை இறங்குவது உங்களுக்கே தெரியும். அடுத்து, உங்கள் 600 கிலோ. வி.ஆர்.ஐ. 3 வைத்தும் 600 என்றால் பிழை ரகத்தில் இல்லை. 7-க்கு 7 மீட்டர் வைத்திருப்பீர்கள், எக்டேருக்கு 200 மரம் நிற்கும். 5-க்கு 4 வைத்தால் 500 நிற்கும், ஆனால் வருஷா வருஷம் கவாத்து பண்ண வேண்டும். தேயிலைக் கொசு என்கிற சாறு உறிஞ்சும் பூச்சிக்குத் துளிர், பூ, பிஞ்சு என்று மூன்று தடவை மருந்து அடிக்கிறீர்களா? பூ கருகின பிறகு அடித்துப் பயனில்லை. தூரில் மரத்தூள் மாதிரி கொட்டியிருந்தால் தண்டுத் துளைப்பான் புழு வேலை. புழுவைக் குடைந்து எடுத்துவிட்டு வேப்ப எண்ணெய் பூசுங்கள். செத்த மரத்தைத் தோப்பிலேயே விடாதீர்கள். அப்புறம், ஊடுபயிராக மணிலா (நிலக்கடலை) போடலாம், முதல் சில வருஷம் தாங்கும்.

லாஸ்பேட்டை

நானும் வியட்நாம்தான், ஃபான் தியெத் பக்கம். ராத்திரி பஸ்ஸில் விழித்துப் பார்த்தால் மலையடிவாரம் முழுக்க விளக்கு. பெரிய டவுன் என்று நினைத்து, சாப்பாட்டுக்கு நிறுத்துவார்கள் என்று செருப்பைப் போட்டுக்கொண்டேன். டிராகன் பழத் தோட்டமாம்! பகல் நீளம் என்று செடியை ஏமாற்றினால் பருவம் இல்லாதபோதும் பூ விடுமாம். பஸ் நிற்கவே இல்லை. பசியோடு தூங்கினேன்.

காடாம்புலியூர் முந்திரி

விருத்தாசலம் ஐயா, நான் மருந்து கேட்கவில்லை. மரமெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பொய் சொன்னதைத்தான் சொன்னேன்.

விருத்தாசலம் மேற்கு

அந்தப் பெரியவர் நம்பர் வாங்கினீர்களா?

காடாம்புலியூர் முந்திரி

இல்லை. டிரைவர் நம்பர்தான் இருக்கிறது. போன வாரம், "அந்தத் தோப்புக்காரரிடம் 1,500 இல்லை, 600 என்று சொல்" என வியட்நாம் மொழியில் மாற்றி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. பதில் இல்லை.