நியூசிலாந்து தெற்குத் தீவு, 10 இரவு, கூடவே வயதான பெற்றோர்: எந்த ஊரில் எத்தனை நாள் தங்கலாம்?

செந்தில்_கோவை:

வணக்கம். டிசம்பர் 20 அன்று கிறைஸ்ட்சர்ச்சில் இறங்குகிறோம், 30 அன்று அங்கிருந்தே திரும்புகிறோம். நான், மனைவி, 9 வயது மகள், அப்பா, அம்மா என்று 5 பேர். அப்பாவுக்கு 71 வயது. வலது முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்து ஒரு வருடம் ஆகிறது. படி ஏறுவார், ஆனால் பத்துப் படிக்கு ஒரு தடவை நிற்பார். அம்மா சுத்த சைவம். வெளியில் ஒரு வேளை சாப்பிட்டால் அடுத்த வேளை ரசம் சாதமாவது வேண்டும். வண்டியை நான் ஒருவன்தான் ஓட்டப்போகிறேன்.

இப்போது போட்டு வைத்திருக்கும் கணக்கு: கிறைஸ்ட்சர்ச் 1, டெக்காபோ 1, மவுண்ட் குக் 1, வானக்கா 1, குயின்ஸ்டவுன் 3 (அதில் ஒரு நாள் மில்ஃபோர்ட் சவுண்ட் என்ற, மலைகளுக்கு நடுவே கடல் புகுந்த இடத்துக்குப் போய்த் திரும்புவது), ஃப்ரான்ஸ் ஜோசஃப் 1, ஆர்தர்ஸ் பாஸ் 1, கடைசியில் கிறைஸ்ட்சர்ச் 1. எல்லாம் பார்த்த மாதிரியும் இருக்க வேண்டும், அப்பாவுக்கும் சிரமம் இருக்கக்கூடாது. இது சரியா வருமா? இன்னும் எங்கும் முன்பதிவு செய்யவில்லை.

வசந்தா_திருச்சி:

தம்பி, நல்ல வேளை முன்பதிவு செய்வதற்கு முன்னால் கேட்டீர்கள். அந்தத் தீவில் நான் இரண்டு தடவை வண்டி ஓட்டியிருக்கிறேன், இரண்டு தடவையும் மாமியாரோடு. என் கணவர் கண்பார்வை காரணமாக ஓட்டுவதில்லை, அதனால் முழுக்க நான்தான். முதல் தடவை உங்கள் கணக்கு மாதிரியேதான் போட்டுக்கொண்டு போனேன். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

10 இரவுக்கு 8 இடம் வைத்திருக்கிறீர்கள். அங்கே பெரும்பாலான மோட்டல்களில் காலை 10 மணிக்கு அறையைக் காலி செய்துவிட வேண்டும். அடுத்த ஊரில் சாவி கையில் கிடைக்க மதியம் 2 மணி ஆகிவிடும். ஒரே குளியலறையில் 5 பேர் குளித்து, சாப்பிட்டு, பெட்டி கட்டி 10 மணிக்குள் கிளம்புவதை யோசித்துப் பாருங்கள். எங்கள் முதல் பயணத்தில் ஐந்தாவது நாள் காலை மாமியார் கட்டிலில் உட்கார்ந்து, "இன்னைக்கும் மூட்டை கட்டணுமா?" என்று கேட்டார். வெளியே ஜன்னல் முழுக்க ஏரி. அவர் அதைப் பார்க்கவே இல்லை, பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த தடவை எந்த ஊரிலும் இரண்டு இரவுக்குக் குறையக்கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். வந்து இறங்கும் இரவும் கிளம்பும் இரவும் மட்டும் விலக்கு.

டெக்காபோவுக்கும் மவுண்ட் குக்குக்கும் தனித்தனி அறை தேவையே இல்லை. டுவைசலில் 3 இரவு போடுங்கள். நீர்மின் திட்டத்தில் வேலை செய்தவர்களுக்காக 1968-ல் எழுப்பிய ஊர் அது. அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன். ஆனால் தெருவெல்லாம் சமதளம், வீடுகள் பெரும்பாலும் தரைத்தளத்தோடு சரி, மளிகைக்கு சூப்பர் மார்க்கெட் இருக்கிறது, பெட்ரோல் பங்க் இருக்கிறது. டெக்காபோ 58 கி.மீ., மவுண்ட் குக் கிராமம் சுமார் 65 கி.மீ. இரண்டுமே ஒரு மணி நேரத்துக்குள். மவுண்ட் குக் கிராமத்தில் தங்கும் இடங்கள் கொஞ்சம்தான், விலையும் அதிகம், காய்கறி வாங்க சூப்பர் மார்க்கெட்டும் கிடையாது.

இதைவிட முக்கியம் மேகம். 3,724 மீட்டர் உயரச் சிகரம், ஒரு நாள் முழுக்க முகம் காட்டாமல் இருந்துவிடும். ஒரே ஒரு இரவு தங்கினால் அன்றைக்குக் கிடைத்ததுதான். 3 இரவு என்றால், காலையில் எழுந்து வானத்தைப் பார்த்துவிட்டு, தெளிவாக இருந்தால் சிகரத்துக்கு, மூடியிருந்தால் டெக்காபோவுக்கு என்று மாற்றிக்கொள்ளலாம். நாங்கள் இரண்டாம் பயணத்தில் அப்படித்தான் செய்தோம். மூன்றாம் நாள் புக்காக்கி ஏரி ஓரம் திரும்பியதும் ஏரியின் மறுகோடியில் மலை முழுசாக நின்றது. மாமியார் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

நட்சத்திரத்துக்காக டெக்காபோவில்தான் தங்க வேண்டும் என்றும் இல்லை. 2012-ல் இருட்டு வானக் காப்பகமாக அறிவித்த 4,300 சதுர கி.மீ. பகுதிக்குள்தான் டுவைசலும் வருகிறது. டிசம்பரில் இரவு 11 மணிக்கு மேல்தான் நன்றாக இருட்டும் என்பதால், மோட்டல் வாசலிலேயே நாற்காலி போட்டுப் பார்ப்பது அப்பாவுக்கு நல்லது.

அடுத்து மில்ஃபோர்ட். இது ஒன்றையாவது தயவுசெய்து மாற்றிவிடுங்கள். வரைபடத்தில் குயின்ஸ்டவுனும் மில்ஃபோர்டும் பக்கத்தில் தெரியும். ஆனால் நேர்ச்சாலை இல்லை, தெற்கே தே அனாவ் வரை இறங்கி மறுபடி வடக்கே ஏற வேண்டும். ஒரு வழிக்கு 290 கி.மீ. முதல் பயணத்தில் காலை 5.30-க்குக் கிளம்பி இரவு 9.30-க்கு அறைக்கு வந்தோம். மாமியாருக்கு இரண்டு காலும் வீங்கிவிட்டது. அன்றைக்கு முழு நாளும் மேகம் வேறு, படகில் எதிரே இருந்த மலைகூடத் தெரியவில்லை. மறுநாள் பளிச்சென்று வெயில். நாங்கள் 290 கி.மீ. தள்ளி இருந்தோம், என்ன செய்வது?

தே அனாவில் தங்கினால் மில்ஃபோர்ட் 120 கி.மீ.தான். நடுவில் நிறுத்திப் போனாலும் இரண்டரை மணி நேரம் போதும். குயின்ஸ்டவுனிலிருந்து பேருந்துகள் வந்து சேர மதியம் ஆகும். நீங்கள் காலைப் படகிலேயே ஏறிவிடலாம். வழியில் கண்ணாடி ஏரிகள் என்று ஓர் இடம், சாலையை ஒட்டியே மரப்பலகை நடைபாதை, அப்பா தாராளமாக நடக்கலாம். தே அனாவிலேயே டேங்க்கை நிரப்பிக்கொள்ளுங்கள். அந்தச் சாலையில் பெரும்பகுதிக்குச் செல்போன் சிக்னல் கிடையாது. மழை என்றால் வருத்தப்படாதீர்கள், பாறை முழுக்க அருவியாகக் கொட்டும், அது வேறு அழகு.

குயின்ஸ்டவுனில் படம் பார்த்து ஏமாறாதீர்கள். ஊரே மலைச்சரிவில் இருக்கிறது. ஏரி தெரியும் அறை என்றால் பெரும்பாலும் படி ஏற வேண்டியிருக்கும். எங்களுக்குக் கொடுத்த அறை அருமையானதுதான், ஆனால் வண்டி நிறுத்தும் இடத்திலிருந்து 34 படி, லிஃப்ட் இல்லை. அந்தத் தகவல் முன்பதிவுப் பக்கத்தில் எங்குமே இல்லை. எனவே பணம் கட்டும் முன் மின்னஞ்சலில் மூன்று கேள்வி கேளுங்கள்: தரைத்தளமா, வாசலிலிருந்து எத்தனை படி, குளியல் தொட்டியா அல்லது நேராக நடந்து போகும் ஷவரா. முழங்கால் அறுவை சிகிச்சை ஆனவர் தொட்டியின் விளிம்பைத் தாண்டுவது ஆபத்து. விமான நிலையம் இருக்கும் ஃபிராங்க்டன் பக்கம் சமதளம், சூப்பர் மார்க்கெட்டும் அங்கேதான். நான் அங்கேதான் எடுப்பேன்.

தென்துருவன்:

கிறைஸ்ட்சர்ச்சில் 6 வருடமாக இருக்கிறேன். வசந்தாம்மா சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள் செந்தில். என் பங்குக்கு மூன்று விஷயம்.

மேற்குக் கரையை இந்தத் தடவை விட்டுவிடலாம். குயின்ஸ்டவுனிலிருந்து ஃப்ரான்ஸ் ஜோசஃப் சுமார் 350 கி.மீ., வளைவுச் சாலை, நிறுத்தங்களோடு 6 மணி நேரம். அங்கே பார்க்கப் போவது பனியாறுகளைத்தான், அவை நன்றாகப் பின்வாங்கிவிட்டன. பக்கத்து ஃபாக்ஸ் பனியாற்றின் பள்ளத்தாக்குக்குள் போன சாலை 2019 மழையில் போனது போனதுதான். கிட்டே பார்க்க ஹெலிகாப்டர்தான் வழி. பெரிய மழை பெய்தால் வழியில் ஹாஸ்ட் பக்கம் மண் சரிந்து சாலையை மூடுவதும் உண்டு. கையில் ஒரு நாள் கூடுதலாக இருப்பவர்களுக்குத்தான் அந்தப் பாதை.

அதற்குப் பதில் வண்டியைக் குயின்ஸ்டவுன் விமான நிலையத்தில் விட்டுவிட்டு கிறைஸ்ட்சர்ச்சுக்குப் பறந்து வந்துவிடுங்கள், ஒரு மணி நேரம்தான். வேறு ஊரில் விடுவதற்குச் சில நிறுவனங்கள் தனிக்கட்டணம் போடும், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கணக்கு இப்படி வரும்: கிறைஸ்ட்சர்ச் 1, டுவைசல் 3, ஃபிராங்க்டன் 2, தே அனாவ் 3, கிறைஸ்ட்சர்ச் 1. அதிகபட்சம் ஓட்டும் நாள் என்றால் டுவைசலுக்கு வரும் 285 கி.மீ. மட்டும்தான்.

24-ஆம் தேதி ஃபிராங்க்டன் போய்ச் சேருவீர்கள். அன்றைக்கே இரண்டு நாளுக்கான பால், காய்கறி வாங்கிவிடுங்கள். 25 அன்று சட்டப்படி சூப்பர் மார்க்கெட்டுகள் எல்லாம் மூடியிருக்கும், பெட்ரோல் பங்க்கும் சில சின்னக் கடைகளும்தான் திறந்திருக்கும். உணவகங்கள் திறந்திருந்தாலும் முன்பதிவு இல்லாமல் இடம் கிடைக்காது. வழியில் குரோம்வெல்லில் நிறுத்தி செர்ரி வாங்க மறக்காதீர்கள், அதுதான் சீசன். அறைகளை இந்த வாரமே போடுங்கள். கிறிஸ்துமஸ் முடிந்ததும் இங்கே உள்ளூர்க்காரர்களே விடுமுறைக்குக் கிளம்பிவிடுவார்கள், தே அனாவில் 5 பேருக்கான அறை முதலில் தீரும்.

செந்தில்_கோவை:

இருவருக்கும் மிகவும் நன்றி. அம்மாவிடம் படித்துக் காட்டினேன், 8 இடம் 5 ஆனதும் முகம் மலர்ந்துவிட்டது. ஒரே ஒரு சந்தேகம். எல்லா மோட்டலிலும் சமைக்க முடியுமா? ஊரிலிருந்து என்ன கொண்டு போகலாம்?

வசந்தா_திருச்சி:

முடியும், ஆனால் "கிச்சனெட்" என்ற வார்த்தையை நம்பிப் பணம் கட்டாதீர்கள். சில இடத்தில் அது வெறும் மைக்ரோவேவும் கெட்டிலும்தான். அறைப் படத்தில் அடுப்பு தெரிகிறதா என்று பாருங்கள், தெரியாவிட்டால் கேளுங்கள். விடுமுறைப் பூங்கா (ஹாலிடே பார்க்) என்று வரும் தங்குமிடங்களில் மலிவான கேபின் எடுத்தால் போர்வை நம்முடையது, கழிப்பறை பொது. இரவில் அப்பா வெளியே நடக்க வேண்டிவரும், அது வேண்டாம். அதே பூங்காவில் மோட்டல் யூனிட் என்று இருப்பதில் எல்லாம் உள்ளேயே இருக்கும்.

டுவைசலில் நாங்கள் தங்கிய அறையில் இரண்டு அடுப்பு, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ், நான்கு தட்டு, நான்கு டம்ளர். சாவி கொடுக்கும்போதே கையில் ஒரு பால் பாக்கெட்டும் கொடுத்தார்கள், கொழுப்புள்ளதா குறைந்ததா என்று கேட்டு. பெரும்பாலான மோட்டல்களில் இந்த வழக்கம் உண்டு. மாமியார் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டு அந்தப் பாலைத் தானே நெஞ்சோடு வைத்துக்கொண்டு வந்தார். பத்தே நிமிடத்தில் காபி தயார். ராத்திரிக்கு மெத்தை மேல் சூடு தரும் மின்விரிப்பு, கட்டில் ஓரத்தில் சுவிட்ச். டிசம்பர் கோடைதான் என்றாலும் அங்கே ராத்திரி குளிரும். படுப்பதற்கு அரை மணி முன்னால் போட்டு, படுக்கும்போது அணைத்துவிடச் சொல்லுங்கள், முழங்காலுக்கு நன்றாக இருக்கும்.

தாளிக்கும்போது மட்டும் கவனம். கடுகும் மிளகாயும் புகைந்தால் அலாரம் அலறிவிடும். ஊரிலேயே தாளிப்பு வடகமும் புளிக்காய்ச்சலும் செய்து, அரிசி, பருப்பு, பொடிகளைக் கடையில் வாங்கிய பாக்கெட்டாக எடுத்துக்கொண்டு போங்கள். வீட்டில் செய்ததோ கடையில் வாங்கியதோ, விமானத்தில் தரும் அறிக்கையில் உணவுப்பொருள் இருக்கிறது என்று கட்டாயம் எழுதுங்கள். எழுதினால் பிரித்துப் பார்ப்பார்கள், ஆகாததை எடுத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். எழுதாமல் பையில் ஓர் ஆப்பிள் இருந்தாலும் 400 டாலர் அபராதம். தேன், பழம், பச்சைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம்.

தே அனாவிலும் மில்ஃபோர்டிலும் மணல் ஈ கடிக்கும், பாப்பாவுக்கு முழுக்கால் பேன்ட் எடுத்து வையுங்கள். தே அனாவில் மின்மினிப்புழுக் குகைக்கு டிக்கெட் போட்டால் அப்பாவுக்குப் போடாதீர்கள், உள்ளே கொஞ்ச தூரம் நன்றாகக் குனிந்து நடக்க வேண்டும். அந்த இரண்டு மணி நேரம் அவர் ஏரிக்கரை பெஞ்சில் உட்கார்ந்திருக்கட்டும். என் மாமியார் ஒரு சாயங்காலம் முழுக்க அங்கேதான் இருந்தார், 9 மணிக்கும் வெளிச்சம் இருந்ததால் எழுந்து வரவே இல்லை.