உரிமம் உள்ள காண்ட்ராக்டர்தான், ஆனாலும் பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுக்கலாமா?

கேள்வி: மாடியில் இரண்டு அறையும் ஒரு குளியலறையும் கட்டப் போகிறோம். காண்ட்ராக்டர் உரிம நகலைக் காட்டினார். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். அம்மாவின் சேமிப்பு என்பதால் கை வரவில்லை. கொடுக்கலாமா?

பதில் 1: கொடுக்காதீர்கள். நகலை நம்பாமல், உரிமம் வழங்கிய அலுவலகத்திலேயே எண்ணைச் சரிபாருங்கள். எங்களுக்குக் காட்டிய நகலில் தேதி இருந்த மூலை மட்டும் மங்கலாக இருந்தது. விசாரித்தால், காலாவதியாகி எட்டு மாதம்! உரிமத்தில் உள்ள பெயரும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் பெயரும் ஒன்றுதானா? வேலையாட்களுக்குக் காப்பீடு இருக்கிறதா? அதையும் கேளுங்கள்.

பதில் 2: பணத்தை வேலையோடு கட்டிப்போடுங்கள். தூண் முடிந்தால் இவ்வளவு, தளம் போட்டால் இவ்வளவு என்று எழுதி வாங்குங்கள். குளியலறையில் டைல்ஸ் ஒட்டும் முன் 24 மணி நேரம் தண்ணீர் கட்டி வையுங்கள். கீழ் அறைக் கூரையில் ஈரம் இல்லை என்று கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் அந்தத் தவணை. அப்புறம், பழைய அஸ்திவாரம் மாடியைத் தாங்குமா என்று கட்டமைப்புப் பொறியாளர் யாராவது பார்த்தாரா? எனக்கு அதுதான் பெரிய கவலை.

கேட்டவர்: இல்லை, யாரும் பார்க்கவில்லை. சரி, முதலில் பொறியாளரை அழைக்கிறேன். முன்பணத்தை நிறுத்தி வைத்துவிட்டேன்.