ஓ2 ஆப்டிமைசேஷன் கொடுத்தால் மட்டும் கர்னல் ரீபூட் ஆகிக்கொண்டே இருக்கிறது, உதவி தேவை

கேள்வி:
கற்றுக்கொள்வதற்காக 64 பிட் கர்னல் (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதி) ஒன்று எழுதி வருகிறேன். கம்பைலர் ஜிசிசி, ஓட்டுவது கியூஎமு என்ற மெய்நிகர் கணினியில். ஓ0-வில், அதாவது ஆப்டிமைசேஷன் இல்லாமல், ஒழுங்காக பூட் ஆகிறது. கோடை வேகமாக்க மாற்றியமைக்கும் ஓ2 கொடுத்தால் திரையில் ஓர் எழுத்துகூட வராமல் ரீசெட் ஆகிறது. ஃப்ரீஸ்டாண்டிங் (வழக்கமான சி லைப்ரரி இல்லை என்று கம்பைலருக்குச் சொல்லும் ஃபிளாக்) கொடுத்திருக்கிறேன். மெமரியை நிரப்பும் மெம்செட், நகலெடுக்கும் மெம்காப்பி எல்லாம் நானே சி-யில் எழுதியவை. கம்பைலரில்தான் பிழையா?

பதில் 1:
கம்பைலர் மேல் பழி போடுவதை அப்புறம் வைத்துக்கொள்வோம். இது டிரிபிள் ஃபால்ட் (பிழையைக் கையாள்வதிலும் அடுத்தடுத்துப் பிழை வந்து சிபியு ரீசெட் ஆவது) போலத் தெரிகிறது. ரீபூட்டை நிறுத்திவிட்டு, இன்டரப்ட் லாகில் முதல் ஃபால்ட்டின் ஆர்ஐபி (ஓடிக்கொண்டிருந்த கட்டளையின் முகவரி) எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.

கேட்டவர்:
மெம்செட்டுக்குள் நிற்கிறது அண்ணா. ஸ்டாக் எல்லையைத் தாண்டிக் கீழே போயிருக்கிறது. ஆனால் அதில் இருப்பது ஒரே ஒரு ஃபார் லூப், வேறு எந்த ஃபங்ஷனையும் கூப்பிடவில்லையே!

பதில் 2:
நீங்கள் கூப்பிடவில்லை, ஜிசிசி கூப்பிடுகிறது. கம்பைல் ஆன கோடைக் காட்டும் ஆப்ஜ்டம்ப்பில் பாருங்கள், மெம்செட்டுக்குள்ளேயே மெம்செட்டுக்கு ஒரு கால் (ஃபங்ஷன் அழைப்பு) இருக்கும். தன்னையே கூப்பிட்டுக் கூப்பிட்டு ஸ்டாக் தீர்ந்துவிடுகிறது. பைட் பைட்டாக நிரப்பும் லூப்பைக் கண்டால் ‘இது மெம்செட் வேலைதானே’ என்று மாற்றிவிடும். ஃப்ரீஸ்டாண்டிங் இதைத் தடுக்காது. அப்போதும் மெம்செட், மெம்காப்பி, மெம்மூவ், மெம்சிஎம்பி நான்கையும் நீங்கள் தருவீர்கள் என்றே ஜிசிசி எதிர்பார்க்கும். அந்த ஒரு ஃபைலுக்கு மட்டும் ‘நோ ட்ரீ லூப் டிஸ்ட்ரிபியூட் பேட்டர்ன்ஸ்’ கொடுங்கள், இந்த மாற்றம் நின்றுவிடும். அந்த அழைப்புக்குப் பதில் ஸ்டாக்கைத் தொடாத ஜம்ப் வந்திருந்தால் ரீசெட்கூட ஆகாமல் அப்படியே உறைந்திருக்கும், தேடித் தேடி நொந்திருப்பீர்கள்.

பதில் 3:
எதற்கு வம்பு, ஓ0-விலேயே விட்டுவிடலாமே?

பதில் 2:
லினக்ஸ் கர்னலே வழக்கமாக ஓ2-வில்தான் பில்ட் ஆகிறது, கூடவே சில ஆப்டிமைசேஷன்களைப் பெயர் சொல்லி அணைத்துவிடுகிறார்கள். 2009-இல் லினக்ஸின் டன் (TUN) என்ற நெட்வொர்க் டிரைவரில் பாயின்டரைப் பயன்படுத்திய பிறகு அது நல் (null, எதையும் சுட்டாத பாயின்டர்) தானா என்று சோதித்திருந்தார்கள். ‘ஏற்கெனவே பயன்படுத்தியாயிற்று, அது நல் பாயின்டராக இருக்காது’ என்று ஜிசிசி அந்தச் சோதனையையே நீக்கிவிட்டது. அதை வைத்து ரூட் உரிமை (கணினியின் முழுக் கட்டுப்பாடு) எடுக்கவும் வழி கிடைத்தது. நல் சோதனையை நீக்காதே என்ற ஃபிளாகை அதன் பிறகு சேர்த்தார்கள். 64 பிட் என்கிறீர்கள், ரெட் ஜோனையும் (ஸ்டாக் பாயின்டரை நகர்த்தாமலே ஃபங்ஷன் பயன்படுத்தும் இடம்) அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் ஸ்டாக் பாயின்டருக்குக் கீழே உள்ள அந்த 128 பைட்டை இன்டரப்ட் வந்து அழித்துவிடும்.

கேட்டவர்:
பூட் ஆகிவிட்டது, நன்றி அண்ணா! ஆனால் இப்போது டைமர் டிக்குக்காகக் காத்திருக்கும் வைல் லூப்பிலேயே நின்றுவிடுகிறது.

பதில் 1:
டிக் வேரியபிளுக்கு வாலடைல் (ஒவ்வொரு முறையும் மெமரியிலிருந்தே படி என்று கம்பைலருக்குச் சொல்வது) போட்டீர்களா?

கேட்டவர்:
...இல்லை.