போல்டை 12 டிகிரி சாய்ச்சா போல்டு இடாலிக் ஆயிடுமா?

கோடுகிழிப்பான்: "சான்செரிஃபுக்கு, அதாவது முனையில வால் இல்லாத எழுத்துருவுக்கு, தனியா போல்டு இடாலிக் வாங்குறது தண்டச் செலவு, போல்டை 12 டிகிரி சாய்ச்சா அதேதான்"னு நேத்து இங்க ஒருத்தர் பாடம் நடத்தியிருக்கார். கைதட்ட வேற ஆள் இருக்கு. போல்டுல ஒரு ஆங்கிலச் சின்ன ஓ (o) போட்டு, சாய்ச்சு, திரை முழுக்கப் பெரிசாக்கிப் பாருங்க. மேல் வலதும் கீழ் இடதும் தடிச்சிருக்கும், மேல் இடதும் கீழ் வலதும் மெலிஞ்சிருக்கும். மெல்லிய எடையில இது கண்ணுல படாது. போல்டுல வளையமே தடிமன், அதனால கோணலும் அப்பட்டமாத் தெரியும்.

சாய்வுச்செல்வம்: பாடம் நடத்துனது நான்தான், பேரைச் சொல்லியே பேசலாம். ஹெல்வெட்டிகா போல்டு, போல்டு ஆப்ளிக் (அதோட சாய்வு எழுத்து) ரெண்டுக்கும் அடோபியோட ஏஎஃப்எம்ங்கிற எழுத்தளவுக் கோப்பைத் திறங்க. அகலம் சின்ன ஏ (a) 556, சின்ன ஓ 611, வார்த்தை இடைவெளி 278. ரெண்டுலயும் அதே எண். கோணம் மைனஸ் 12, அதாவது வலப்பக்கம் 12 டிகிரி சாய்வு. உலகம் பூரா பிடிஎஃப்ல ஓடுன எழுத்து அது.

கோடுகிழிப்பான்: அகலம் ஒண்ணா இருந்தா வடிவமும் ஒண்ணுதான்னு யார் சொன்னது? சாய்ச்சா அகலம் மாறாது, சரி. கையால திருத்தி வரைஞ்சாலும் அதே 611-க்குள்ள வரையலாமே. நான் கேட்டது ஓ-வோட தடிமனை.

அச்சுமை: நேர்த் தண்டும் (எழுத்தோட நிமிர்ந்த கோடு) மெலியும், அதையும் சேர்த்துக்குங்க. 140 யூனிட் தண்டை 12 டிகிரி சாய்ச்சா தண்டுக்குக் குறுக்கே செங்குத்தா அளக்கும்போது 137, 20 டிகிரின்னா 132. போல்டுக்குப் பக்கத்துல வச்சா ஒரு படி இளைச்ச மாதிரி இருக்கும். பெரிய ஏ-ல (A) இடது கால் மெலியும், வலது கால் தடிக்கும்.

சாய்வுச்செல்வம்: 140-க்கு 3 யூனிட்! இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? கலைஞர் பார்பரா க்ரூகர் சிவப்புப் பட்டையில வெள்ளையா ஃப்யூச்சரா போல்டு ஆப்ளிக் போட்டுத்தான் உலகப் பேர் வாங்கினாங்க. ஃப்யூச்சராவோட ஓ கிட்டத்தட்ட முழு வட்டம். அங்க யாரும் மேல் வலது மூலையை அளந்து பார்க்கலை.

கோடுகிழிப்பான்: க்ரூகர் எழுத்து சுவர் உயரம். நீங்க சொல்றது விசிட்டிங் கார்டுக்கு. சிவப்புல வெள்ளை எழுத்து விட்டா மை உள்ளே பரவும். 7 பாயின்ட்ல ஏ, ஈ-யோட (a, e) வெள்ளைக் கோடுகள் முதல்ல இளைக்கும், மெலிஞ்ச மூலை அறுந்துபோகும். சிவப்பு எம் (மெஜன்டா), ஒய் (மஞ்சள்) ரெண்டு அச்சுத் தகடா வரும்போது ஒண்ணு மேல ஒண்ணு பதியிறது கொஞ்சம் விலகினா மிச்சமும் போச்சு. கர்னிங் (எழுத்து ஜோடி இடைவெளி) விவாதத்துல வாங்குன அடி மறந்துடுச்சு போல.

சாய்வுச்செல்வம்: அந்த விவாதத்துல பதில் இல்லாம ஓடினது யாருன்னு படிச்சவங்களுக்குத் தெரியும். 556, 611, 278. கோப்பைத் திறங்க.

வளைகோடு: அண்ணே, கில் சான்ஸைப் பாருங்க. 1928 மோனோடைப். இடாலிக்ல சின்ன ஏ ஒத்தை மாடி. நேர் எழுத்தை எவ்வளவு சாய்ச்சாலும் அது வராது. மிரியட்லயும் அப்படித்தான். தமிழ்ல இன்னும் மோசம். கூகுளோட நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவுல இடாலிக்கே கிடையாது, ப்ரவுசரே போல்டைச் சாய்க்குது. கி-யோட மேல்விலங்கு அடுத்த எழுத்துல போய் இடிக்குது.

கோடுகிழிப்பான்: தம்பி, நம்ம பக்கம் பேசும்போதாவது சரியாப் பேசுங்க. வரி முழுக்க ஒரே கோணத்துல சாய்ஞ்சா எழுத்துக்கு எழுத்து இடிக்காது, இடைவெளி அப்படியே நிக்கும். இடிக்கிறது சாயாத அடைப்புக்குறி பக்கத்துல வரும்போதுதான். தமிழ்ல நிஜப் பிரச்சினை ண, ஞ, ஐ மாதிரி சுழிகள்ல. ஒவ்வொரு சுழியும் ஒரு ஓ. சிஎஸ்எஸ்ல (வலைப்பக்கத் தோற்றத்தை எழுதுற மொழி) ஆப்ளிக்னு போட்டுக் கோணம் எழுதலைன்னா 14 டிகிரி. ஃபான்ட்-சிந்தசிஸ் நன் (font-synthesis: none) போட்டா ப்ரவுசர் சாய்க்காது. தமிழ்ல அழுத்தம் வேணும்னா போல்டு மட்டும் போதும்.

வளைகோடு: இடிக்கிறதை நான் பார்த்தேன். நோட்டோ செரிஃப் தமிழுக்குச் சாய்வு தனியா வரைஞ்சிருக்காங்களே, வேலையத்தவங்களா?

அச்சுமை: செய்யிற முறையைச் சொல்லிடறேன். க்ளிஃப்ஸ்ல (எழுத்துரு வரையிற மென்பொருள்) முதல்ல தண்டு அளவுகளை நிரப்புங்க, பிறகு சாய்வோட கர்சிஃபை (தடிமனைத் திருத்துற வசதி) போடுங்க. தண்டு அளவு காலியா இருந்தா கர்சிஃபைக்குக் கணக்கு கிடைக்காது. வளைவோட இடது, வலது உச்சியில இருந்த நோடுகள் (கோட்டுப் புள்ளிகள்) சாய்வுல விலகிப் போயிருக்கும், புதுசாச் சேருங்க. எஸ், 2, 8 மூணும் எப்படியும் கையாலதான். கடைசியா எழுத்துருக் கோப்போட எஃப்எஸ்செலக்ஷன்ல பிட் 0 (இடாலிக்), பிட் 5 (போல்டு) ரெண்டும், மேக்ஸ்டைல்ல போல்டு, இடாலிக் ரெண்டும் குறிங்க. இதை விட்டா வேர்டு உங்க எழுத்து மேலயே இன்னொரு போலிச் சாய்வைப் போடும்.

சாய்வுச்செல்வம்: ஆக நீங்களும் முதல்ல சாய்க்கிறீங்க. அதைத்தானே நான் சொன்னேன்.

கோடுகிழிப்பான்: சாய்ச்சதோட நிறுத்துறவர் நீங்க. போல்டு ஆப்ளிக் ஓ-வையும், நீங்க சாய்ச்ச ஓ-வையும் அவுட்லைனாக்கி ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் படம் போடுங்க. அகலக் கணக்கு வேண்டாம்.

சாய்வுச்செல்வம்: உங்களுக்குப் படம் போட்டுக் காட்ட நான் சம்பளத்துக்கு இல்லை. எண் இருக்கு. 611.

கோடுகிழிப்பான்: ஓ-வுக்குப் பதில் இல்லை.

வளைகோடு: அடைப்புக்குறியே இல்லாத வரியில இடிச்ச ஸ்க்ரீன்ஷாட் தேடிட்டிருக்கேன். வந்ததும் கோடுகிழிப்பானுக்குத்தான் முதல்ல.