சின்னக் காருக்கு டயர் மாத்தப் போறீங்களா? முதல்ல பழைய டயரைப் பாருங்க

தாம்பரம் வேகன்

2019 வேகன்ஆர், டயர் 165/70 ஆர்14, வண்டியோடு வந்தது. ஓட்டம் 41,000 கி.மீ. முன் ரெண்டுலயும் வெளி ஓரம் தேய்ஞ்சுடுச்சு, நடுவுல பட்டன் (டயர் மேல இருக்கிற ரப்பர் மேடு) இன்னும் இருக்கு. பின்னாடி ரெண்டும் பார்க்க நல்லாவே இருக்கு. கடையில 175/65 ஆர்14 போடச் சொல்றாங்க, க்ரிப் கூடுமாம். முன் ரெண்டை மட்டும் மாத்தினா போதுமா? எந்தக் கம்பெனி நல்லது? ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சுடணும். விவரம் தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

ஈரோடு அலைன்மென்ட்

கம்பெனிப் பேரு அப்புறம் பார்க்கலாங்க தம்பி. பழைய டயர் எப்படித் தேய்ஞ்சிருக்குன்னு முதல்ல பார்த்துக்கங்க. அந்தக் காரணத்தைச் சரிபண்ணாம புது டயர் போட்டா அதுவும் இதே மாதிரி 15,000, 20,000-ல ஓரம் போயிடும்.

ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி நிறுத்துங்க. உள்ளங்கையை டயர் மேல வெச்சு வெளி ஓரத்துல இருந்து உள்பக்கமாத் தடவுங்க, அப்புறம் உள்ளே இருந்து வெளியே தடவுங்க. ரெண்டு திசையிலும் ஒரே மாதிரி வழவழன்னு இருந்து, உள் ஓரம் வெளி ஓரம் ரெண்டுமே தேய்ஞ்சிருந்தா, காத்து கம்மியா ஓட்டியிருக்கு. உள்பக்கம் போறப்போ வழுக்கிட்டு, வெளியே வர்றப்போ ரம்பம் மாதிரிக் குத்துச்சுன்னா டோ-இன் (சக்கரங்களோட முன் நுனி உள்பக்கம் திரும்பியிருக்கிறது) அதிகம், அதுல வெளி ஓரம்தான் முதல்ல போகும். குத்துறது தலைகீழா இருந்து உள் ஓரம் போயிருந்தா டோ-அவுட் (முன் நுனி வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறது). நடுப்பகுதி மட்டும் மொட்டையானா காத்து கூட. அங்கங்க குழி குழியாத் தேய்ஞ்சிருந்தா ஷாக் அப்சார்பர் போயிடுச்சுன்னோ, பேலன்சிங் (சக்கரத்தோட எடையைச் சுத்திலும் சமப்படுத்துறது) பண்ணாமலே ஓடியிருக்குன்னோ அர்த்தம்.

டோ தப்புன்னா உடனே அலைன்மென்ட் (சக்கரக் கோணத்தைச் சரிபண்றது) மெஷின்ல ஏத்திடாதீங்க. முதல்ல வண்டியை ஜாக்கியில தூக்கி, சக்கரத்தை 3 மணி, 9 மணி இடத்துல பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தா டை ராடு எண்டு (ஸ்டியரிங்கைச் சக்கரத்தோட இணைக்கிற கம்பியோட முனை), இல்லாட்டி ஸ்டியரிங் ராக். 12 மணி, 6 மணியில ஆட்டம்னா லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடிச்சிருக்கிற கை) பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். லோயர் ஆர்ம் ரப்பர் புஷ் வெடிச்சிருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. இந்தச் சாமானை மாத்தினப்புறம்தான் டயர், டயர் போட்டப்புறம்தான் அலைன்மென்ட். வரிசை மாறினா அலைன்மென்டுக்கு ரெண்டு தடவை காசு குடுப்பீங்க.

இன்னொண்ணு. சின்னக் கார் பெரும்பாலானதுல முன்பக்க டோ மட்டும்தான் திருப்பி வைக்க முடியும். கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயுற கோணம்), காஸ்டருக்கு (ஸ்டியரிங் அச்சு முன்பின் சாயுற கோணம்) அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. அலைன்மென்ட் ரிப்போர்ட்ல கேம்பர் சிவப்பா வந்தா "அது அப்படித்தான் சார், விட்டுடுங்க"ன்னு யாராவது சொன்னா விட்டுடாதீங்க. பள்ளத்துல விழுந்து ஸ்ட்ரட்டோ (ஷாக் அப்சார்பர் இருக்கிற தூண்), லோயர் ஆர்மோ வளைஞ்சிருக்கும்.

கணக்கு வாகனன்

அளவு பற்றி மட்டும் சொல்கிறேன்.

165/70 ஆர்14 என்றால் அகலம் 165 மி.மீ., சைட்வால் (டயரின் பக்கச்சுவர்) உயரம் அதில் 70 சதவீதம், அதாவது 115.5 மி.மீ. டிஸ்க் (டயர் உட்காரும் உலோகச் சக்கரம்) 14 அங்குலம், 355.6 மி.மீ. இரண்டு சைட்வாலும் சேர்த்தால் மொத்த விட்டம் 586.6 மி.மீ. கடைக்காரர் சொன்ன 175/65 ஆர்14 விட்டம் 583.1. வித்தியாசம் 0.6 சதவீதம்தான், ஸ்பீடோமீட்டரில் தெரியாது. ஆனால் 175/70 ஆர்14 போட்டால் 600.6, அதாவது 2.4 சதவீதம் கூடுதல். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது சக்கர வளைவில் உரசுகிறதா என்று பார்க்க வேண்டும், பிக்கப்பும் கொஞ்சம் மந்தமாகும். கூடவோ குறையவோ 2 சதவீதத்தைத் தாண்டாமல் இருப்பது நல்லது.

விட்டம் ஒத்துப்போனால் மட்டும் போதாது. டிஸ்க் அகலத்தையும் பாருங்கள். டிஸ்க்கின் உள்பக்கத்தில் 14×4.5ஜே, 14×5ஜே என்று அச்சடித்திருக்கும். 165/70 ஆர்14 டயர் 4.5 அங்குல டிஸ்க்கிலிருந்தே உட்காரும். 175/65 ஆர்14-க்கு 5 அங்குலமாவது வேண்டும். ஒல்லியான டிஸ்க்கில் தடித்த டயரைத் திணித்தால் சைட்வால் பிதுங்கி நிற்கும், வளைவில் டயர் புரளும், க்ரிப் கூடாது. உங்கள் மாடலின் மேல் வேரியண்டுக்கு கம்பெனியே கொடுத்த அளவென்றால் கவலை இல்லை. ஸ்விஃப்டை எடுத்துக்கொண்டால், கீழ் வேரியண்டில் 165/80 ஆர்14, மேல் வேரியண்டில் 185/65 ஆர்15. விட்டம் 619.6, 621.5. கம்பெனியே இப்படி ஒட்டித்தான் அளவு வைக்கிறது. அந்த எல்லையைத் தாண்டினால் இன்சூரன்ஸ் க்ளெய்மின்போது கேள்வி வரும்.

அளவுக்குப் பக்கத்தில் 81டி (81T) என்று இருக்கும். 81 என்பது ஒரு டயர் 462 கிலோ தாங்கும் என்பதற்கான குறி, டி என்றால் மணிக்கு 190 கி.மீ. வரை. 79 என்றால் 437 கிலோ, 82 என்றால் 475. வண்டியோடு வந்த எண்ணுக்குக் கீழே இறங்கவே கூடாது.

மதுரை டயர் கவுண்டர்

மேலே சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்கங்க. ஆல்டோ 800 வெச்சிருக்கிறவங்க ரொம்பக் கவனமா இருக்கணும். அதோட அளவு 145/80 ஆர்12. டாடா ஏஸுக்கு வர்றது 145 ஆர்12 எல்டி (LT), 8 ப்ளை (டயரோட அடுக்கு வலிமைக் குறி). எண் பார்க்க ஒண்ணு மாதிரியே இருக்கும். "ஸ்ட்ராங்கான டயர் சார், பஞ்சரே ஆகாது"ன்னு அதை மாட்டி விடுற கடைகள் உண்டு. அது சரக்கு வண்டி டயர். சைட்வால் விறைப்பு, கார் காத்து அழுத்தத்துல சரியா உட்காராது, ஈர ரோட்டுல பிரேக் பிடிச்சா வழுக்கும், சஸ்பென்ஷன் எல்லாம் உதறிடும். எல்டின்னு எழுத்து இருந்தா காருக்கு வேண்டாம்.

தேதிக்கு வர்றேன். சைட்வால்ல டிஓடின்னு (DOT) ஆரம்பிக்கிற வரிசையில கடைசி நாலு எண். 3225ன்னா 2025-ஆம் வருஷம் 32-ஆவது வாரம். முழு எண் டயரோட ஒரு பக்கத்துல மட்டும்தான் இருக்கும், காணோம்னா புரட்டிப் பாருங்க. ஆறு மாசத்துக்குள்ள வந்த சரக்கு கேளுங்க, கிடைக்கும். ஒரு வருஷம் தாண்டினதுன்னா விலை குறைச்சாத்தான் வாங்கணும். ரெண்டு வருஷம் ஆனதை எந்த விலைக்கும் வேண்டாம். விற்பனை குறைஞ்ச அளவுகள்லதான் பழைய சரக்கு தங்கும், 12 அங்குலத்துல குறிப்பா. நாலு டயருக்கும் தேதியை நீங்களே குனிஞ்சு படிங்க, பில்லுல டயரோட சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்க. தயாரிப்புக் குறைன்னு வாரன்டிக்குப் போனா அந்தப் பில்தான் பேசும். அப்பவும் முழு டயர் தரமாட்டாங்க, தேய்ஞ்ச அளவுக்குக் கழிச்சுக்கிட்டுத்தான் கணக்கு.

2025 செப்டம்பர் 22-ல இருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18 சதவீதமாக் குறைஞ்சிருக்கு. பில்லுல அதையும் பாருங்க. ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 15633-ன்னு எண்ணும் சைட்வால்ல இருக்கணும். இல்லாத டயரைத் தொடாதீங்க.

தாம்பரம் வேகன்

ரொம்ப நன்றி. தடவிப் பார்த்தேன், வெளியே வர்றப்போ குத்துது. தேதி நாலுலயும் 2219.

மதுரை டயர் கவுண்டர்

அப்போ நாலும் போகணும் தம்பி. பின் டயர்ல பட்டன் இருக்கலாம், ரப்பர் 2019-ஓடது. நம்ம ஊரு வெயில்ல நிறுத்தி வெச்ச டயர் அஞ்சு வருஷத்துலயே இறுகிடும். பட்டனுக்கு நடுவுல இருக்கிற காடியில, சைட்வால் வளையுற இடத்துல, கட்டை விரலால அழுத்திப் பாருங்க. முடி மாதிரி மெல்லிசா வெடிப்பு விரியும். ஓட்டம் கம்மியான வண்டியில டயர் தேய்மானத்தால சாகுறதை விட வயசாகித்தான் அதிகம் சாகுது.

கோவை கியர்

ரெண்டா, நாலா என்ற கேள்வி மற்றவர்களுக்கும் வரும் என்பதால் எழுதுகிறேன். டயர் வயது குறைவு, முன் ரெண்டு மட்டும் தேய்ந்தது என்றால் இரண்டு மாற்றலாம். அப்போது புது டயர் இரண்டும் பின்னால் போக வேண்டும். பின்னால் இருந்த அரைத் தேய்மான டயர் முன்னால் வரட்டும். "முன் வீல் டிரைவ் வண்டி, புதுசை முன்னாடி போடுங்க" என்றுதான் பல கடைகளில் சொல்வார்கள். இழுவை முன்னால் என்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் தேங்கிய ரோட்டில் முன் சக்கரம் வழுக்கினால் வண்டி நேராகப் போகும், ஆக்சிலேட்டரை விட்டால் பிடி திரும்பும். பின் சக்கரம் வழுக்கினால் வால் சுற்றிவிடும். அதை ஸ்டியரிங்கால் மீட்பது சாதாரண ஓட்டுநருக்கு முடியாத காரியம். குடும்பத்தோடு போகிற வண்டியில் இதில் சமரசம் வேண்டாம்.

புது டயரில் காடி ஆழம் 7, 8 மி.மீ. இருக்கும். காடிக்குள் குறுக்கே சின்ன மேடாக இருக்கும் தேய்மானக் குறி 1.6 மி.மீ. அது சமமாகும் வரை ஓட்டலாம் என்பது சட்டத்தின் எல்லை. மழையில் 3 மி.மீ.-க்குக் கீழே போனாலே தண்ணீரை வெளியே தள்ளும் வேலை குறைந்துவிடும். ஈசிஆரில் அடைமழையில் 80-ல் போகிறவர்கள் 3-லேயே மாற்றிவிடுங்கள்.

மதுரை டயர் கவுண்டர்

கம்பெனி கேட்டிருந்தீங்க. அளவும் தேதியும் சரியா இருந்தா எம்ஆர்எஃப், அப்போலோ, சியட், ஜேகே, பிரிட்ஜ்ஸ்டோன், குட்இயர், மிஷலின், யோகோஹாமா எதுவும் ஓடும். ஒரே கம்பெனிக்குள்ளயே மாடல் மாறினா குணம் மாறும், அதைக் கேட்டு வாங்குங்க. சியட் மைலேஸ், அப்போலோ அமேசர் 4ஜி லைஃப், ஜேகே டாக்ஸிமேக்ஸ், குட்இயர் டியூராப்ளஸ் எல்லாம் கி.மீ. அதிகம் ஓடணும்னு செஞ்ச வகை. தினம் 150, 200 கி.மீ. ஓடுற டாக்ஸிக்கு அதுதான் சரி. வருஷம் 6,000, 7,000 ஓடுற வீட்டு வண்டிக்கு அந்த ஆயுசு தேவையே இல்லை, தேயுறதுக்கு முன்னாடி வயசாகிடும். நீண்ட ஆயுசுக்குச் செய்யுற கலவை பொதுவா இறுக்கமா இருக்கும், ஈரப் பிடியில கொஞ்சம் விட்டுக் கொடுக்கும். உங்க ஓட்டத்துக்கு ஈர ரோட்டுல பிடிக்கிற, சத்தம் குறைஞ்ச வகையைக் கேளுங்க. நாலும் ஒரே மாடலா இருக்கட்டும். முடியலைன்னா ஒரு ஆக்ஸில்ல (முன் ஜோடி, இல்லாட்டி பின் ஜோடி) இருக்கிற ரெண்டு டயராவது ஒரே மாடலா இருக்கணும்.

ஈரோடு அலைன்மென்ட்

மாட்டுற இடத்துல நின்னு பாருங்க. அங்கதான் பாதித் தப்பு நடக்குது.

ஸ்டீல் டிஸ்க்ல டயர் உட்கார்ற விளிம்பு துரு பிடிச்சிருக்கும். அதைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்காம புது டயர் ஏத்தினா, வாரத்துக்கு 3, 4 பிஎஸ்ஐ காத்து இறங்கிட்டே இருக்கும். ஆணி தேடித் தேடிக் கிடைக்காம கடைசியில டியூப் போட்டு விடுவாங்க. ட்யூப்லெஸ் டயருக்குள்ள டியூப் வேண்டாங்க, உரசிச் சூடாகி ஹைவேயில திடீர்னு வெடிக்கும். ரப்பர் வால்வு நாலும் புதுசு போடச் சொல்லுங்க. டயரோட ஆயுசு முழுக்க அது தாங்கணும், செலவு சொற்பம்.

டயர்ல மஞ்சப் புள்ளி இருந்தா அதை வால்வுக்கு நேரா வைக்கணும். அது டயரோட எடை குறைஞ்ச இடம். பேலன்சிங்ல ஒரு பக்கத்துக்கு 50, 60 கிராமுக்கு மேல ஈயம் (டிஸ்க்ல அடிக்கிற எடைக் கட்டி) கேட்டுச்சுன்னா, காத்தை இறக்கிட்டு டயரை டிஸ்க் மேல அரைச் சுத்து திருப்பி மறுபடி பார்க்கச் சொல்லுங்க. அப்பவும் குறையலைன்னா டிஸ்க் வளைஞ்சிருக்கு. பழைய ஈயத்தைப் பிடுங்காமலே மேல மேல அடிக்கிற வேலையும் நடக்கும், கண்ணு வெச்சுக்கங்க.

வீல் நட்டை ஏர் கன்னால ஒரே அடியா இறுக்க விடாதீங்க. கையால சுத்திட்டு, எதிரெதிரா இறுக்கி, கடைசியில டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டுற ஸ்பேனர்). சின்னக் கார்கள்ல பெரும்பாலும் 85-ல இருந்து 110 நியூட்டன் மீட்டருக்குள்ள வரும், உங்க எண் ஓனர் மேனுவல்ல இருக்கு. 50, 100 கி.மீ. ஓடினதும் ஒருக்கா மறுபடி பாருங்க.

காத்து எவ்வளவுன்னு டிரைவர் கதவு ஓரத்துல ஸ்டிக்கர் இருக்கும். டயர் சைட்வால்ல இருக்கிறது டயர் தாங்குற உச்ச அளவு, அதை நிரப்பிடாதீங்க. அளக்கிறது காலையில, டயர் ஆறியிருக்கும்போது. நைட்ரஜன் கிடைச்சா போட்டுக்கலாம், அதுக்காக அலைய வேண்டியதில்லை, சாதாரணக் காத்துலயே 78 சதவீதம் நைட்ரஜன்தான்.

முதல் 200 கி.மீ. மெதுவா ஓட்டுங்க. அச்சுல இருந்து எடுக்கத் தடவுற பூச்சு மேல இருக்கும், அது போற வரைக்கும் பிடி வராது.

நெல்லை ஸ்டெப்னி

செகண்ட் ஹேண்ட் டயர் வாங்குற எண்ணத்துல யாராவது இதைப் படிச்சா ஒரு எச்சரிக்கை. மொட்டை டயர்ல சூடான பிளேடால காடி வெட்டி, கறுப்புப் பாலிஷ் அடிச்சு வெச்சிருப்பாங்க. பளபளன்னு இருக்கும். காடிக்குள்ள விரலை விடுங்க. தேய்மானக் குறி மேடு இருக்காது, அதையும் சேர்த்து வெட்டியிருப்பாங்க. காடியோட அடியில நூலோ கம்பியோ தட்டுப்படும். அது காடியே இல்லை, உள்ளே இருக்கிற கட்டுமானத்தை அறுத்த இடம்.

வேகன் தம்பிக்கு: கழட்டுற நாலுல ஒண்ணை ஸ்டெப்னிக்கு வெச்சுக்கலாம்னு கடையில சொல்வாங்க. வேண்டாம், அதுவும் 2019-தான். இப்போ இருக்கிற ஸ்டெப்னியும் அதே வயசுதான், ஓடாட்டியும் ரப்பர் வயசாகிடுச்சு. பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போற வரைக்கும் தாங்கும், அதுக்கு மேல நம்பாதீங்க. பல மாடல்ல மேல் வேரியண்டுக்கும் சின்ன அளவு ஸ்டெப்னிதான் குடுத்திருப்பாங்க. உங்க டிக்கியைத் திறந்து அளவைப் படிங்க. அளவு ஒண்ணா இருந்தா அஞ்சு டயரா வாங்கி, 8,000-ல இருந்து 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை டயரை இடம் மாத்துற சுத்துல அதையும் சேர்த்துக்கங்க. அளவு வேறன்னா நாலு மட்டும் சுத்தட்டும்: முன் ரெண்டும் நேராப் பின்னாடி, பின் ரெண்டும் குறுக்கா முன்னாடி. சைட்வால்ல சுழற்சி அம்புக்குறி இருக்கிற டயர்னா குறுக்கா மாத்தக் கூடாது, அதே பக்கத்துல முன்பின் மட்டும்.