எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை, படிப்பதும் நின்றுவிட்டது

காசிமேட்டுப் பெண்:
துறைமுகத்தில் விடியற்காலை மீன் ஏலம் எடுக்கும் பெண்களைப் பற்றி ஒரு சிறுகதை எழுத ஆரம்பித்தேன். முதல் பத்தியையே தாண்ட முடியவில்லை, எழுதுகிறேன், அழிக்கிறேன், மறுபடியும் அதே பத்தி. முன்பெல்லாம் நிறையப் படிப்பேன், இப்போது புத்தகத்தைத் திறந்தால் கை போனுக்குப் போகிறது. யாராவது வழி சொல்லுங்களேன்.

வண்ணாரப்பேட்டை வாசகன்:
முதல் பத்தியை அப்படியே விடுங்கள் அக்கா. விலை ஏறும்போது இரண்டு பெண்கள் என்ன பேசிக்கொள்வார்கள், அதை மட்டும் அவர்கள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள், கதை அங்கிருந்து முன்னாலும் பின்னாலும் நகரும். எழுதும்போதே திருத்துவதுதான் கையைக் கட்டிப்போடுகிறது. திருத்தம் மறுநாள் இருக்கட்டும்.

ஒற்றியூர்க்காரன்:
தம்பி சொல்வது சரி. அப்புறம், நடங்கள். ஏழுகிணறில் வாழ்ந்த வள்ளலார் திருவொற்றியூர் கோயிலுக்கு நடந்தே வந்து போனவர், அவர் பாடல்களில் ஒற்றியூர் எத்தனை இடத்தில் வருகிறது பாருங்கள்!
படிப்பதற்கு நான் மெட்ரோவை நம்புகிறேன். விம்கோ நகர் டெப்போவில் ரயில் கிளம்புவதால் உட்கார இடம் கிடைக்கும், போனைப் பைக்குள் போட்டால் சென்ட்ரல் வருவதற்குள் ஒரு சிறுகதை முடியும். அங்கே மாறி எழும்பூரில் இறங்கினால் கன்னிமாரா நூலகம். 1896ல் திறந்தது, நாட்டில் வெளியாகும் புத்தகங்கள் சட்டப்படி வந்து சேரும் நான்கு நூலகங்களில் ஒன்று. பட்டியல் எதுவும் போடாமல் போங்கள், பிடிக்காததைப் பாதியில் மூடிவிடுங்கள், அது குற்றமே இல்லை.

காசிமேட்டுப் பெண்:
நன்றி தம்பி, நன்றி அண்ணா. உரையாடலை இன்றைக்கே எழுதுகிறேன். கன்னிமாராவுக்கு ஞாயிற்றுக்கிழமை போகலாமா?